பதினோரு டப்பாவும் ஒரு டாக்ஸிசைக்ளினும்

போன வாரம் ஒருவர் என் கவுன்டரில் துணிப்பையைக் கவிழ்த்தார். எண்ணிப் பார்த்தேன், பதினோரு டப்பா. கால்சியம், இரும்பு, தூக்கத்துக்கு மெக்னீசியம், துத்தநாகம் கலந்த மல்டிவைட்டமின், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை, அஸ்வகந்தா, ஊரிலிருந்து வந்த நிலவேம்புச் சூரணம், அப்புறம் உண்ணி கடித்து வரும் லைம் என்ற கிருமி நோயை வேரோடு எடுக்கும் என்று இணையத்தில் யாரோ விற்ற நாலு சொட்டு மருந்து. இதெல்லாம் போக, ஜூனில் நானே கொடுத்த டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் புட்டி. இருபதில் எட்டு மாத்திரை மிச்சம்.

நியூ ஜெர்சியில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். இங்கே கோடை வந்தால் லைமும் வரும். (ஊர்ப் பெயர்தான், கனெக்டிகட்டில் இருக்கிறது. 1970களில் அங்கே ஒரே பகுதியில் நிறையக் குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியதில் தெரியவந்த நோய். எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேட்டவர்கள் இருக்கிறார்கள்.)

அவருக்கு வேலியோரம் புல் வெட்டியபோது மான் உண்ணி கடித்திருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் சிவப்புப் படை. டாக்டர் 100 மில்லிகிராம், தினம் இரண்டு, 10 நாள் என்று எழுதினார். ஆறாம் நாள் படை மறைந்துவிட்டது. அன்று ராத்திரி ஒரு வீடியோ பார்த்திருக்கிறார், ஆன்டிபயாடிக் உடம்பைக் கெடுக்கும், மூலிகைதான் சரி என்று. நிறுத்திவிட்டார். நவம்பரில் வலது முழங்கால் இளநீர் மாதிரி வீங்கி, படி ஏற முடியாமல் நிற்கிறார். இப்போது 28 நாள் மருந்து.

எனக்குக் கோபம் அவர் மூலிகை சாப்பிட்டதில் இல்லை. ஜூனிலேயே "வேற ஏதாவது சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க" என்றார். வைட்டமினும் சூரணமும் மருந்துக் கணக்கில் வராதாம்! அந்த ஆறு நாளும் எல்லாவற்றையும் ஒரே வாயில் மஞ்சள்பாலோடு விழுங்கியிருக்கிறார், ஒரே வேலையாக முடியட்டும் என்று. கால்சியமும் இரும்பும் குடலிலேயே டாக்ஸிசைக்ளினை (சுருக்கமாக டாக்ஸி) பிடித்துக்கொள்ளும். சாப்பிட்ட பன்னிரண்டில் எவ்வளவு ரத்தத்துக்குப் போனதோ, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"இயற்கைதானே, என்ன பண்ணிடப் போகுது?" இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டாக்ஸியின் தாய்க் குடும்பமான டெட்ராசைக்ளினே மண்ணில் வாழும் நுண்ணுயிர் கொடுத்ததுதான், அப்படிப் பார்த்தால் அதுவும் இயற்கை. அரளி விதையும் இயற்கைதான். அம்மா குழம்பில் போடும் அரை ஸ்பூன் மஞ்சளை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் சத்தை மட்டும் பிழிந்து, உடம்பு வெளியே தள்ளாதபடி மிளகுச் சத்தைச் சேர்த்து, கேப்ஸ்யூலில் அடைத்துத் தினம் விழுங்கினால் அது குழம்பு இல்லை, மருந்து. அப்படிப்பட்ட மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள், அஸ்வகந்தாவுக்கும் அதே கதை உண்டு. வேலை செய்கிற எதுவும் பக்கவிளைவும் செய்யும். பக்கவிளைவே கிடையாது என்று ஒருவர் சத்தியம் செய்தால், அது வேலை செய்யுமா என்றே எனக்குச் சந்தேகம் வரும்.

"ஆராய்ச்சியில நிரூபிச்சுட்டாங்களே" என்பார்கள். ஜப்பானிய நாட்வீட், கிரிப்டோலெப்பிஸ் போன்ற செடிகளின் சாறு லைம் கிருமியைக் கொன்றதாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. சோதனைக் குழாயில். சோதனைக் குழாயில் பிளீச்சும் கொல்லும், குடிப்பீர்களா?

சரி, எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முழு மருந்தும் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குச் சோர்வும் உடம்புவலியும் மாதக்கணக்கில் நீடிக்கிறது. அவர்களிடம் "எல்லாம் மனசுல" என்று சொல்லி அனுப்பும் டாக்டர்கள்தான் பாதிப் பேரைச் சொட்டு மருந்துக்காரரிடம் தள்ளிவிடுகிறார்கள். அதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொள்வதும் தீர்வில்லை. 2001இலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள், மருந்தே இல்லாத போலி மருந்தைவிட அது மேலாக எதுவும் செய்யவில்லை. அப்படி நரம்பில் குழாய் போட்டு ஏற்றியதில் வேறு தொற்று வந்து உயிருக்குப் போராடியவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி எழுதியது. இந்த இடத்தில்தான் மற்ற முறைகளுக்கு வேலை இருக்கிறது. யோகா, தாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி, தூக்கத்தைச் சரிப்படுத்துவது, பிசியோதெரபி, வலிக்கு அக்குபஞ்சர், தாராளமாகச் செய்யுங்கள். கிருமிக்கு ஆன்டிபயாடிக், உடம்பு தேற மற்றவை. இடத்தை மாற்றிப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு. டாக்ஸி காலை 8, இரவு 8 என்றால் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் மதியச் சாப்பாட்டோடு. இரும்பு மட்டும் கில்லாடி, மணிக்கணக்கில் தள்ளிச் சாப்பிட்டாலும் டாக்ஸியைக் குறைக்கும், அந்தப் பத்து நாள் நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், முழுக்கைச் சட்டை போடுங்கள். மருந்து தொடங்கிய முதல் நாள் காய்ச்சல் கூடினால் பயந்து நிறுத்தாமல் போன் பண்ணுங்கள். ஆனால் மூன்றாவது வாரத்திலும் உடம்பு படுத்தும்போது அது "நச்சு வெளியேறுது" என்று சொட்டு மருந்து விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு மடிப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள். நம் நிறத்துக்குப் படை சிவப்பாகத் தெரியாமலே போகலாம், வட்டத்துக்குள் வட்டமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. முதல் இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். தேங்காய் எண்ணெய், கற்பூரம், தீக்குச்சி எதுவும் வேண்டாம், நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்த மான் உண்ணி என்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே வேளை டாக்ஸி போதும் என்று டாக்டர் சொல்லலாம், அந்த வாய்ப்பைக் கஷாயம் காய்ச்சித் தவறவிடாதீர்கள்.

மருந்து வாங்க வரும்போது தயவுசெய்து பையோடு வாருங்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் அவர்களுடைய டப்பாவையும் சேர்த்து. பெயர் எழுதாத சூரணப் பொட்டலம் இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டேன், என் வீட்டு அலமாரியிலும் இரண்டு இருக்கிறது.