கையைக் கட்டிய குழந்தை கேட்கிறதா?

வேலூர், குடியாத்தம் பகுதிப் பள்ளிகளில் குழந்தைகள் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: "குழுவாக உட்கார வைத்தால் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்பதே இல்லை." இதற்குப் பல வகுப்புகளில் உள்ள ஒரே மருந்து, கையைக் கட்டு, வாயைப் பொத்து என்ற அதட்டல். வகுப்பு உடனே அடங்கிவிடும். அப்படி அடங்கிய வகுப்பில், "சற்று முன் அவள் என்ன சொன்னாள்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதித் தலைகள் குனிந்துகொள்ளும். நாம் பழக்கியது அடங்கியிருப்பதை. கேட்பதை இன்னும் பழக்கவே தொடங்கவில்லை.

நான் பெரிதும் நம்புவது ஒரு விதியை. அடுத்துப் பேசுகிறவர், முன்னால் பேசியவரின் கருத்தைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே தன் கருத்துக்குப் போகலாம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1950களின் தொடக்கத்தில் பெரியவர்களின் சச்சரவுகளுக்குச் சொன்ன வழி இது. ஏழாம் வகுப்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், ஆறு ஏன் இப்படிக் கெட்டுப்போனது என்று பேச வைத்தோம். ஒரு மாணவன் எழுந்து, தோல் தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் மூட வேண்டும் என்றான். ஒரு மாணவிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளுடைய அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்கிறார். "மூடிவிட்டால் எங்கள் வீட்டுக்கு யார் அரிசி வாங்கித் தருவது?" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், "உன் அப்பாதான் ஆற்றைக் கெடுத்தார்" என்றது. அங்கே நிறுத்தினேன். கருத்தைப் பற்றிப் பேசலாம், ஒருவருடைய வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, விதியை நினைவூட்டினேன்.

முதலில் பேசிய மாணவன், "கம்பெனி வேண்டும் என்கிறாள்" என்றான். அவள் தலையசைத்து மறுத்தாள்: "அப்படிச் சொல்லவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டேன்." மறுபடி முயன்றான். மூன்றாம் முறைதான் அவள் ஒப்புக்கொண்டாள். பிறகு அவளுடைய முறை. தன் தாத்தாவின் கிணற்று நீர் உப்பாகி, நிலம் தரிசாகிப் போனது என்று அவன் சொன்னதை அவள் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதே அவள் குரல் தணிந்தது. அன்று யாரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இதே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1996இல் தீர்ப்பு வந்தது, வேலையும் ஏற்றுமதியும் முக்கியம்தான், ஆனால் அதற்காக நீரையும் நிலத்தையும் அழிக்க உரிமையில்லை என்று நீதிபதிகள் இரு பக்கத்தையும் எடைபோட்டார்கள் என்பதைச் சொன்னேன். தங்கள் சண்டை பெரியவர்களுக்கும் கடினமானது என்று தெரிந்ததும் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் தெருப் பெயரையே வசையாக்கும் வழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. சாதியைச் சுட்டும் ஒரு சொல் விழுந்தாலும் உரையாடலை அந்த நொடியே நிறுத்துங்கள். 'பிள்ளைகள்தானே' என்று விட்டால், அந்தத் தெருக் குழந்தை அந்த ஆண்டு முழுவதும் வாய் திறக்காது.

பேசாத குழந்தைக்குக் கருத்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆசிரியர் கேள்வி கேட்டு ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார், அதை மூன்று விநாடியாவது ஆக்கினால் பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஆய்ந்து காட்டினார். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசிவிட்டு வரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் ஏராளம். அவர்களுக்கு அந்த மூன்று விநாடியும் போதாது. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்க விடுங்கள், பிறகு வகுப்பின் முன் பேசட்டும். தவறான தமிழுக்குச் சிரிப்பு எழுந்தால், சிரித்தவரிடமே, "அவர் சொன்னதைச் சொல்" என்று கேளுங்கள்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. குழந்தை பள்ளிக்கதை சொல்லும்போது கைபேசியைப் பார்த்தபடி 'உம்' கொட்டுகிறோம், பாதியில், "சரி, வீட்டுப்பாடம் எழுதினாயா?" என்று வெட்டுகிறோம். வகுப்பில் அது இன்னொரு குழந்தையின் பேச்சை அதே போல வெட்டுகிறது.

கேட்பதே இல்லை என்று திட்டு வாங்கும் குழந்தையின் காதைப் பரிசோதித்துவிட்டீர்களா? சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தேங்கினால், வலியே இல்லாமல் செவித்திறன் மங்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். நீடித்தால் சிகிச்சை தேவை. அடிக்கடி 'என்ன?' என்று கேட்பது, டிவி ஒலியைக் கூட்டுவது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது ஆகியவை அடையாளங்கள். அரசுப் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு செவித்திறன் குறைபாட்டையும் பார்க்கிறது. அவர்கள் வரும் நாளில் அந்தக் குழந்தையின் பெயரைத் தனியே சொல்லுங்கள். அதுவரை முன்வரிசையில், மின்விசிறி இரைச்சலுக்குத் தள்ளி, பேசுகிறவர் முகம் தெரியும்படி உட்கார வையுங்கள்.