“சோற்றை விட்டுவிட்டேன், இப்போது நாசி கோரெங்தான்”

போன வருடம் சிங்கப்பூரின் பலதுறை மருந்தகம் ஒன்றில் என் எதிரே வந்து உட்கார்ந்தார் அறுபது தாண்டிய ஐயா ஒருவர். கூடவே அவர் மனைவி. (அவர்களை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐயாவுக்குப் பத்து வருடத்துக்கும் மேலாக இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்த அழுத்தமும் உண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்கவில்லை. ரத்த அழுத்தமோ முன்பைவிட ஏறியிருந்தது.

“சோத்த விட்டே நாலு மாசம் ஆச்சும்மா” என்றார். “அதுக்கு மேல நான் என்ன செய்றது?”

“அப்போ ராத்திரிக்கு என்ன சாப்பிடுறீங்கய்யா?”

“புளோக்குக்குக் கீழ கடையில நாசி கோரெங். அதுல முட்டை இருக்கு, கோழி இருக்கு, காய் இருக்கு. வெறும் வெள்ளைச் சோறு இல்லையே.”

நாசி கோரெங் என்பது மலாய் பாணியில் வறுத்த சோறுதான். ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைச் சோற்றைக் குறையுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர்கள் மருந்தகத்தில் இருக்கும் நாங்கள்தான். 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை சுகாதார அமைச்சு அறிவித்தபோது, வெள்ளைச் சோற்றின் பெயர் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. அடுத்த வருடத் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி விரிவாகப் பேசினார். அறுபது வயது தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்று அவர் சொன்னது நம் வீடுகளில் பயத்தைக் கிளப்பியது. பயந்தவர்கள் வெள்ளைச் சோற்றை விட்டார்கள். அதற்குப் பதிலாக எதைப் பிடித்தார்கள் என்று நாங்கள் சரியாகக் கேட்கவில்லை.

ஐயாவின் மனைவியிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். அடுத்த முறை நாசி கோரெங் கட்டிக்கொண்டு வரும்போது, பொட்டலத்தைப் பிரித்து, சோறு தனியாக, கோழி தனியாக, காய் தனியாகப் பிரித்து எடை போட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். பலகாரம் செய்ய வைத்திருந்த சமையலறைத் தராசு அவர்களிடம் இருந்தது. அந்த அம்மா பட்டாணியைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருந்தார். சோறு 320 கிராம். கோழித் துண்டுகள் 40 கிராம். காரட், பட்டாணி, ஒரு துண்டு வெள்ளரிக்காய் எல்லாம் சேர்ந்து 25 கிராம். மேலே ஒரு பொரித்த முட்டை. கடைசிப் படத்தில் காலிக் காகிதம் மட்டும், எண்ணெய் ஊறிப் பளபளவென்று.

அந்த 320 கிராமில் எண்ணெயும் சாஸும் ஊறியிருக்கும். கழித்துவிட்டு 290 கிராம் சோறு என்று வைத்துக்கொள்வோம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி, 28 கிராம் மாவுச்சத்து, இரண்டரை கிராம் சொச்சம் புரதம் இருக்கிறது. கொழுப்பும் உப்பும் கிட்டத்தட்ட இல்லை. ஆக அந்தப் பொட்டலத்துச் சோற்றில் மட்டும் 80 கிராம் மாவுச்சத்து. ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம் என்ற கணக்கில் அது பதினாறு தேக்கரண்டிக்குச் சமம். மாவுச்சத்து கடைசியில் குளுக்கோஸாகத்தானே ரத்தத்துக்குப் போகிறது.

முன்பு வீட்டில் எவ்வளவு சோறு சாப்பிடுவார் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். ஒரு சீனக் கிண்ணம் நிறைய என்றார். அது ஏறக்குறைய 200 கிராம். மாவுச்சத்து 56 கிராம். சோற்றை விட்டுவிட்டதாக நம்பிய நான்கு மாதமும் ஐயா முன்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சோறு சாப்பிட்டு வந்திருக்கிறார்.

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வறுத்துவிட்டால், நிறம் மாறிவிட்டால், நடுவில் பச்சையும் ஆரஞ்சும் தெரிந்தால், அது சோறு என்பதே மறந்துபோகிறது. பிரியாணிக்கும் இதே கதைதான். கோழிச் சோற்றுக்கும் இதேதான், அங்கே அரிசியே கோழிக் கொழுப்பில் வதங்கி வேகிறது.

எண்ணெய்க் கணக்குக்கு வருவோம். அடுத்த முறை உணவங்காடி நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது வாணலியைக் கவனியுங்கள். முதலில் பூண்டும் சம்பால் என்ற மிளகாய் விழுதும் வதங்க ஒரு ஊற்று. சோறு ஒட்டாமல் உதிர அது வேண்டும், கடைக்காரர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். அப்புறம் முட்டை பொரிக்க இன்னொரு ஊற்று. இரண்டு மேசைக்கரண்டி என்று குறைத்தே வைத்தாலும் 240 கலோரி. குழம்பில் மிதக்கும் எண்ணெயை ஓரமாக ஒதுக்கலாம். வறுத்த சோற்றில் ஒவ்வொரு பருக்கையும் எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறது, எதை ஒதுக்குவது? சோறு, எண்ணெய், முட்டை, கோழி எல்லாம் கூட்டினால் அந்தப் பொட்டலம் 770 கலோரியை ஒட்டி வரும். அதே ஐயா முன்பு சாப்பிட்ட கிண்ணச் சோறு 260 கலோரி. அதோடு ஒரு துண்டு மீன், குழம்பு, பொரியல் வைத்தாலும் பொதுவாக 500க்குள் அடங்கிவிடும்.

ஆனால் எனக்கு எண்ணெயைவிடக் கவலை தருவது உப்பு. வெள்ளைச் சோற்றில் உப்பே இல்லை. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். சிப்பி சாஸ் ஒரு கரண்டி ஊற்றினால் இன்னொரு 500 வரை. அதற்கு மேல் சம்பாலில் பெலாச்சான் என்ற இறால் விழுது, சில கடைகளில் நெத்திலி, கையில் அள்ளிப் போடும் உப்பு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. ஒரே தட்டு அதைத் தொட்டுவிடுகிறது. 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார்கள். 2017இல் பெரியவர்களில் 24 விழுக்காட்டினருக்கு இருந்த உயர் ரத்த அழுத்தம் 2021-22 கணக்கெடுப்பில் 37 விழுக்காடாகிவிட்டது. இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஐயாவின் ரத்த அழுத்தம் அந்த நான்கு மாதத்தில் ஏன் ஏறியது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேடத் தோன்றவில்லை.

இன்னொன்று. “நாசி கோரெங் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குத்திப் பார்த்தேன், சர்க்கரை நல்லாத்தானே இருந்தது” என்று சிலர் கருவியையே கொண்டுவந்து காட்டுவார்கள். எண்ணும் உண்மை, அவர்கள் சொல்வதும் உண்மை. கொழுப்பும் புரதமும் இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. வெள்ளைச் சோற்றில் ஒரு மணி நேரத்தில் சட்டென்று ஏறும் சர்க்கரை, எண்ணெய்ச் சோற்றில் மெதுவாக ஏறி, நீண்ட நேரம் நிற்கிறது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவருக்குப் பத்து மணிக்கு நன்றாக இருக்கும். நடுநிசியில் ஏறியதை யார் பார்த்தார்கள்? காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடிப்போய் நிற்பதன் காரணம் பல சமயம் முந்தைய இரவுச் சாப்பாட்டில் இருக்கிறது.

அப்படியானால் வெள்ளைச் சோறு நல்லதா? இந்த இடத்தில் நிதானம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் வரும் வாசனைத் தாய்லாந்து அரிசி சர்க்கரையை வேகமாக ஏற்றும் வகை. குவித்துப் போட்டு, ரசமும் அப்பளமும் ஊறுகாயுமாக முடித்தால், அது எண்ணெய் இல்லாத சாப்பாடு என்பதைத் தவிர பெருமைப்பட ஒன்றும் இல்லை. அப்பளத்திலும் ஊறுகாயிலும் உப்பு கொட்டிக் கிடக்கிறது. வெறும் சோற்றைத் தனியாகச் சாப்பிடுவதைவிட, கோழி, காய், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சாப்பிடும்போது சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று சிங்கப்பூரிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். அந்த வகையில் ஐயாவின் எண்ணத்தில் நியாயம் இருந்தது. அவர் தட்டில் 290 கிராம் சோற்றுக்கு 25 கிராம் காய் என்பதுதான் சிக்கல். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், இறைச்சி, பருப்பு.

என்னைக் கேட்டால், அன்றாடத்துக்கு வெள்ளைச் சோறுதான். ஒரே காரணம், அது வெறுமையாக வருகிறது. எவ்வளவு போடுவது, பக்கத்தில் எதை வைப்பது, எவ்வளவு உப்பு என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது. அந்த வெள்ளைச் சோற்றிலும் புழுங்கல் அரிசி ஒரு படி மேல். நெல்லை உமியோடு சேர்த்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்கள் கொஞ்சம் அரிசிக்குள் இறங்குகின்றன, சர்க்கரையும் பொதுவாகச் சற்று மெதுவாக ஏறுகிறது. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் எந்த மளிகைக் கடையிலும் பொன்னி புழுங்கல் கிடைக்கும். சிவப்பரிசி, பழுப்பரிசி பிடிக்காதவர்கள் நாலுக்கு ஒரு பங்கு கலந்து தொடங்கலாம். கஞ்சி வடித்தால் சர்க்கரை போய்விடும் என்று நம் பாட்டிமார் சொன்னதில் சிறிது உண்மை உண்டு. கொஞ்சம் மாவுச்சத்து தண்ணீரோடு போகும். மிச்சமிருப்பது அப்போதும் மாவுச்சத்துதான், அதனால் வடித்த சோறு என்று இரண்டு கிண்ணம் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வறுத்த சோறு வேண்டும் என்று ஆசைப்படுபவர்களை நான் தடுப்பதில்லை. வீட்டில் செய்யுங்கள். ஒருவருக்கு ஒரு சிறு கிண்ணம் சோறு, அதைவிட அதிகமாகக் கோஸ், பீன்ஸ், காளான், ஒரு முட்டை, கையளவு கோழி அல்லது தௌகுவா (கெட்டியான சோயாக் கட்டி). ஒட்டாத வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். சோயா சாஸை புட்டியிலிருந்து நேராக ஊற்றாமல் தேக்கரண்டியில் அளந்து ஊற்றுங்கள். பூண்டு, மிளகு, வெங்காயத்தாள், கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் உப்புக் குறைவு தெரியாது. சோடியம் குறைத்த உப்பு இப்போது கடைகளில் நிறைய வருகிறது. அவற்றில் பலவற்றில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: இதைப் படித்துவிட்டு இன்றிரவே சோற்றைப் பாதியாக்காதீர்கள். மருந்தின் அளவு பழைய சோற்றுக் கணக்குக்கு எழுதப்பட்டது. திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கி மயக்கம் வரும். முதலில் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

பழைய சோற்றில் வறுத்தால்தான் உதிரியாக வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வகைக்கு மாறுகிறது, அது நல்லதே. ஆனால் அந்தச் சோறு எங்கே ஆறியது? மத்தியானம் வடித்த சோற்றை அடுப்படியிலேயே மூடி வைத்து இரவு வறுப்பது நம் பல வீடுகளில் வழக்கம். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கின்றன, கொதிநீரிலும் சாவதில்லை. நம்முடைய முப்பது டிகிரிச் சூட்டில் அவை முளைத்துப் பெருகி வெளியிடும் நஞ்சு, அப்புறம் எவ்வளவு வறுத்தாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி பிடித்துக்கொள்ளும். சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி முடித்துவிடுங்கள்.

ஐயா மூன்று மாதம் கழித்து வந்தார். வாரத்தில் ஆறு இரவு வீட்டுச் சாப்பாடு, முக்கால் கிண்ணம் புழுங்கல் சோறு, வெள்ளிக்கிழமை மட்டும் கடை நாசி கோரெங். அதையும் அந்த அம்மா பொட்டலம் பிரித்ததும் பாதி எடுத்து வைத்துவிடுகிறாராம், பக்கத்தில் கங்கோங் கீரை வதக்கி வைக்கிறாராம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6 விழுக்காட்டிலிருந்து 7.7க்கு வந்திருந்தது. ரத்த அழுத்தம் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஏன் என்று பேசிக்கொண்டே போனபோது, சோறு குறைந்ததால் ருசிக்காகத் தினமும் ஒரு துண்டு கருவாடு பொரித்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கருவாட்டைப் பற்றி அன்று பேச நேரமில்லை, அடுத்த சந்திப்பைச் சீக்கிரமாகவே போட்டிருக்கிறேன்.