இழுவைப் போட்டிக்குத் தயாராகும் பழைய டிராக்டர் எஞ்சின்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் நடக்கும் பழைய டிராக்டர் இழுவைப் போட்டிகளில் வேகத்துக்குப் பரிசு இல்லை. ஏறத்தாழ 91 மீட்டர் நீள மண் தடத்தில் இழுவண்டியை எவ்வளவு தூரம் இழுக்க முடிகிறது என்பதே கணக்கு. இழுவண்டி நகர நகர, அதன் சக்கரங்களின் சுழற்சியே எடைப்பெட்டியை முன்னே தள்ளுகிறது. சக்கரங்கள் தாங்கிய பாரம் சிறிது சிறிதாக முன்புறத் தகட்டின் மீது இறங்க, தகடு தரையோடு உராயத் தொடங்குகிறது. ஆகவே தூரம் கூடக் கூடச் சுமையும் கூடி, எஞ்சினின் சுற்று குறைகிறது. அந்த வேளையில் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருப்பும் ஆற்றல், தளராமல் நிற்பதே போட்டியைத் தீர்மானிக்கிறது. உச்சக் குதிரைத்திறனைவிட இதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1939இல் வெளிவந்த ஃபார்மால் எம் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு சுமார் 4 லிட்டர். சிலிண்டரின் விட்டம் 98 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரமோ 133 மி.மீ. நிமிடத்துக்கு 1,450 சுற்றில் சுமார் 36 குதிரைத்திறன்தான் தரும் என்றாலும், அந்தச் சுற்றில் அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 177 நியூட்டன் மீட்டர். சுமையால் சுற்று ஓரளவு குறையும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய அதிக நேரம் கிடைப்பதால், முறுக்குவிசை சற்றுக் கூடவும் செய்யும்.

இந்த இயல்பு, அழுத்தம் கசியாத எஞ்சினில்தான் வெளிப்படும். சிலிண்டரின் உட்சுவராக அமையும் உறையான ஸ்லீவ் தேய்ந்திருந்தால் அதை மாற்றியபின், பிஸ்டனைச் சுற்றி அழுத்தத்தை அடைக்கும் வளையமான ரிங்கில் புதியதொன்றைத் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளப்பார்கள். இந்த அளவு சிலிண்டருக்கு அது 0.4 மி.மீ. அளவில் இருப்பது வழக்கம். இடைவெளி போதாவிட்டால், சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொண்டு சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். மிகுந்துவிட்டால் எரிந்த வாயு கீழே கசியும்.

பூட்டி முடித்தபின், பிஸ்டனை அழுத்த வீச்சின் (இரு வால்வுகளும் மூடியிருக்க அது மேலேறும் கட்டத்தின்) உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்திக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கார்புரேட்டரில் சீறல் கேட்டால் உள்வால்வும், புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வும், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்கும் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். ரேடியேட்டர் நீரில் குமிழி வந்தால் சிலிண்டர் மூடிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினைப் பிரிக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது என்பதால், இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்தது, எஞ்சினின் திறனை அளக்கும் டைனமோமீட்டர். டிராக்டரின் பிடிஓ தண்டோடு (பிற கருவிகளை இயக்க எஞ்சின் திறனை வெளியே தரும் தண்டு) இணைக்கப்படும் நீர்த் தடை வகையில், சுழலும் சக்கரம் நீரை வீசியடிக்க, வெளிக்கூடும் உடன் சுழல முயல்கிறது. அதைத் தடுத்து நிறுத்தும் கரத்தில் விழும் விசையைக் கரத்தின் நீளத்தால் பெருக்கினால் முறுக்குவிசை. அதோடு சுழல்வேகத்தையும் பெருக்கினால் திறன். இங்கே எஞ்சினை முழுத் திராட்டிலில் வைத்து, தடையைப் படிப்படியாகக் கூட்டி, 1,450 சுற்றிலிருந்து 1,000 வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுற்று குறையக் குறைய முறுக்குவிசைக் கோடு சீராக ஏறாமல் திடீரெனச் சரிந்தால், எரிபொருள் கலவையையோ தீப்பொறி நேரத்தையோ திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

போட்டி விதி இடம் தந்தால், சிலர் எஞ்சினின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மாற்றிச் சுற்றை உயர்த்துகிறார்கள். சுற்று இரட்டித்தால் பிஸ்டனின் நிலைமத்தால் இணைப்புத் தண்டில் விழும் விசை நான்கு மடங்காகும். பிஸ்டன் நீண்ட தூரம் நகரும் இந்த எஞ்சின்களில் அந்த விசை ஏற்கெனவே பெரிது. எனவே சுற்றை உயர்த்துமுன் இணைப்புத் தண்டுகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் விரிசல் சோதனைக்கு உட்படுத்துவது கட்டாயம்.