பயிற்சியாளரா, பயிற்றுநரா?

"கான்சஸ் பல்கலைக்கழகத்தில் லாரி பிரவுனிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார் கிரெக் பாபோவிச்." கூடைப்பந்து பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம். பாபோவிச் அங்கே ஆடப் போனாரா, ஆடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாரா? உண்மையில் 1986-87 பருவத்தில் அவர், கான்சஸ் அணியின் தலைமைக் கோச்சான பிரவுனுக்குத் துணையாக இருந்து அந்த அணியைப் பழக்கினார். வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் இது தெரியாது. எழுதியவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அவர் எடுத்துக்கொண்ட 'பயிற்சியாளர்' என்ற சொல்லே தடுமாறுகிற சொல்.

'கோச்' என்ற ஆங்கில மூலச்சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். ஹங்கேரியில் கோச் என்றொரு சிற்றூர். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே நிலைத்து, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் நுழைந்து, ஆங்கிலத்துக்கும் போனது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வில் தங்களைக் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை அந்த வண்டியின் பெயரால் அழைத்தார்கள். அங்கிருந்து அது விளையாட்டுக்கு வந்தது. நாம் ரயில் பெட்டியைக் கோச் என்பதும் அதே வண்டிதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். எழுத்தாளர் எழுதுகிறவர். பேச்சாளர் பேசுகிறவர். பார்வையாளர் பார்க்கிறவர், போட்டியாளர் போட்டியிடுகிறவர். பிறரை எழுத வைக்கிறவரை யாரும் எழுத்தாளர் என்பதில்லை. அப்படியென்றால் பயிற்சியாளர் யார்? பயிற்சி செய்கிறவர், அதாவது ஆட்டக்காரர். பயிற்சி மருத்துவர், பயிற்சி ஆட்சியர் என்று செய்தித்தாளில் வருகிறவர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டிருப்பவர்கள்தானே? 'பயிற்சியாளர்கள் தேவை' என்று ஒரு வேலை விளம்பரம் வந்தால், சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்களா, புதிதாகச் சேர்பவர்களைத் தேடுகிறார்களா என்பதைக் கீழே போட்டிருக்கும் தகுதியையும் சம்பளத்தையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரவுனின் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது. 2002 மே மாதம், பிரவுன் கோச்சாக இருந்த பிலடெல்பியா அணி பாஸ்டனிடம் தோற்று, பட்டத்துக்கான ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதன் நட்சத்திரம் ஆலன் ஐவர்சன் பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை என்பது பிரவுனின் நெடுநாள் மனக்குறை. செய்தியாளர்கள் அதைக் கேட்டபோது, நாம் ஆட்டத்தைப் பற்றியா பேசுகிறோம், பயிற்சியைப் பற்றியல்லவா பேசுகிறோம் என்று ஐவர்சன் குமுறினார். பயிற்சி என்ற சொல்லை மட்டும் இருபது தடவைக்கு மேல் சொன்னார். இதைத் தமிழில் 'பயிற்சிக்கு வராததால் பயிற்சியாளர் மீது அதிருப்தி' என்று தலைப்பிட்டால், யார் வரவில்லை, யார் மீது யாருக்கு அதிருப்தி? சொல்லின் பொருள்படி அங்கே பயிற்சியாளர் ஐவர்சன். வழக்கின்படி பிரவுன். வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பயில் என்பது தன்வினை. பயிற்று என்பது பிறவினை. பயிற்றுகிறவர் பயிற்றுநர். ஓட்டுநர், இயக்குநர், ஆளுநர் வரிசையில் இயல்பாக வந்து உட்காரும் சொல் இது. (பயிற்றுனர் என்று எழுதாதீர்கள். இயக்குனர் எப்படிப் பிழையோ அப்படியே அதுவும்.) கற்பவருக்குப் பயிலுநர் இருக்கிறது. இப்படி ஓர் அழகான இணை கையில் இருக்கும்போது, இருவரையும் ஒரே பட்டியில் அடைப்பானேன்? இலங்கை இதழ்களில் பயிற்றுவிப்பாளர் என்று எழுதுகிறார்கள். நீளம்தான், ஆனால் யார் கற்பிக்கிறார் என்பதில் ஐயமே இல்லை. அந்த விதத்தில் நம் பயிற்சியாளரைவிட அது எவ்வளவோ மேல்.

வேறு சிலர் ஆசான் என்கிறார்கள். அதற்கு நியாயம் உண்டு. கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் ஃபாக் ஆலன் ஆடினார், ஆலனிடம் டீன் ஸ்மித், ஸ்மித்திடம் பிரவுன். சிலம்ப மரபு போலத்தான் இருக்கிறது. ஆனால் இது ஒப்பந்தம் போட்டுச் செய்யும் உத்தியோகம். பிரவுன் 1972இல் கரோலினா கூகர்ஸ் அணியில் தொடங்கி டென்வர், யூசிஎல்ஏ, நியூ ஜெர்சி, கான்சஸ், சான் அன்டோனியோ, இண்டியானா, பிலடெல்பியா, டெட்ராய்ட் என்று அணி மாறிக்கொண்டே இருந்தார். நியூயார்க்கில் ஒரே பருவம், 23 வெற்றி, 59 தோல்வி, வேலை போயிற்று. ஆசானை யாரும் இப்படி அனுப்புவதில்லை.

பயிற்சியாளர்தான் வழக்கில் ஊன்றிவிட்டதே என்பார்கள். பேருந்து நடத்துநரும் ஓட்டுநரும் வழக்கில் ஊன்றவில்லையா? அச்சில் எழுதி எழுதித்தான் ஊன்றின. இன்றைய மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள ஆதங்கமே இதுதான்: அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்கிறார்கள், வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்க அணிகளில் காயம் பார்ப்பதற்கும் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவதற்கும் டிரெய்னர் என்று தனியாக ஒருவர் இருக்கிறார். அவரையும் பயிற்சியாளர் என்றே எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்று, பிரவுன் செய்தது வெறும் பயிற்சி வேலையும் இல்லை. 1988 ஏப்ரலில் அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான பட்டத்தின் இறுதியாட்டம். இடைவேளையில் கான்சஸும் ஓக்லஹோமாவும் 50-50. ஓக்லஹோமாவின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடிய தன் அணியை, இரண்டாம் பாதியில் நிதானமாக ஆட வைத்தார். 83-79 என்று கான்சஸ் வென்றது. 2004இல் டெட்ராய்டுடன், அமெரிக்கத் தொழில்முறை அணிகள் ஆடும் என்பிஏ தொடரின் பட்டமும் வாங்கி, இரண்டு பட்டங்களையும் வென்ற ஒரே பயிற்றுநர் ஆனார். இதில் ஆட்டத்தை நடத்தும் பங்கும் உண்டு. பயிற்றுநரிலும் அது முழுதாக வரவில்லைதான். ஆனாலும் செய்பவர், செய்விப்பவர் என்ற அடிப்படை வேறுபாடு அதில் காப்பாற்றப்படுகிறது.

தலைமைப் பயிற்றுநர், துணைப் பயிற்றுநர் என்று எழுதுங்கள். உரையாடலில் மட்டும் இதைத் திணிக்க வேண்டாம். ஆட்டக்காரர் அவரைக் கூப்பிடும் இடத்தில் 'கோச்' என்றே இருக்கட்டும், நம் மைதானங்களிலும் பையன்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.