மஞ்சள் விலைக்குத் தலையும் தோளும் உண்டா?

டிசம்பர் கடைசி வாரம். பெரியப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மஞ்சளின் ஃப்யூச்சர்ஸ் விலை மேலும் கீழுமாக ஓடும் சார்ட். அதன் மேல் யாரோ மூன்று மேடுகளை வட்டமிட்டு, அடியில் சிவப்புக் கோடு போட்டு, கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியும் வரைந்திருந்தார்கள். கூடவே அண்ணனின் குரல்: "தம்பி, தலையும் தோளும் வந்துருச்சாமா. இனி எறங்கறதுதான்னு எல்லாரும் சொல்றாங்க. குடோன்ல இருக்கற நாப்பது மூட்டையையும் வித்துப்போடலாமா?"

ஒரு பருவத்து உழைப்பு அந்த நாற்பது மூட்டையில் இருக்கிறது. சும்மா "ஆமா", "இல்ல" என்று சொல்லிவிட முடியாது. அந்தப் படம் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே முடியாது என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஃப்யூச்சர்ஸ் என்பது முன்பேரம். ஏப்ரலில் கைமாற வேண்டிய சரக்குக்கு இன்றைக்கே விலை பேசி முடிப்பது. மஞ்சளுக்கு இந்தப் பேரம் நடக்கும் இடம், 2003 டிசம்பரில் மும்பையில் தொடங்கிய என்சிடிஇஎக்ஸ் சந்தை. அங்கே ஒரு பேரத்தின் அலகான ஒரு லாட் 5 டன், அதாவது 50 குவிண்டால். குவிண்டாலுக்கு 1,000 ரூபாய் நகர்ந்தால் ஒரு லாட்டுக்கு 50,000 ரூபாய் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் போய்விடும். டெலிவரிக்கு அடிப்படை மையம் தெலங்கானாவின் நிஜாமாபாத். ஈரோட்டு விலையும் அந்த விலையும் அண்ணன் தம்பி மாதிரி. ஒன்றாகத்தான் நடக்கும், ஆனால் எப்போதும் ஒரே உயரத்தில் இருக்காது. இந்த இடைவெளியை வர்த்தகர்கள் பேசிஸ் என்பார்கள். ஈரோட்டு மூட்டையை விற்கலாமா என்று நிஜாமாபாத் சார்ட்டைப் பார்த்து முடிவெடுக்கும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

சார்ட் பார்த்து விலை சொல்லும் பழக்கத்துக்கும் விவசாயச் சரக்குக்கும் தொடர்பு பழையது. ஜப்பானில் ஒசாகா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-ல் அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது. இன்னும் கைக்கு வராத அரிசிக்கு அங்கே பேரம் நடந்தது. இன்று எல்லா செயலிகளிலும் வரும் மெழுகுவர்த்தி வடிவச் சார்ட்டை, சகாதா ஊர் அரிசி வியாபாரி ஹோம்மா முனேஹிசாவின் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. ஒரு நாளின் தொடக்க விலை, முடிவு விலை, உச்சம், தாழ்வு ஆகிய நான்கையும் ஒரே குச்சியில் காட்டிவிடும் அந்த வடிவம் அருமையான ஒன்று. நூறு நாள் பேரத்தை ஒரு பார்வையில் பார்த்துவிடலாம்.

சரி, தலையும் தோளும் என்றால் என்ன? விலை ஏறி, கொஞ்சம் இறங்குகிறது: இடது தோள். மறுபடி ஏறி, முந்தைய உச்சத்தைத் தாண்டி, இறங்குகிறது: தலை. மூன்றாவது முறையும் ஏறுகிறது, ஆனால் தலையைத் தொடாமலே திரும்பிவிடுகிறது: வலது தோள். இடையில் உள்ள இரண்டு பள்ளங்களையும் இணைத்தால் வருவது கழுத்துக்கோடு. விலை அந்தக் கோட்டை உடைத்துக் கீழே வந்தால், ஏற்றம் முடிந்தது என்று கணக்கு. தலை 16,000, கழுத்து 14,000 என்று வைத்துக்கொண்டால், வித்தியாசமான 2,000-ஐக் கழுத்திலிருந்து கழித்து 12,000 வரை இறங்கும் என்பார்கள். அந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான கதை உண்டு: வாங்குகிறவர்களின் வேகம் ஒவ்வொரு முறையும் குறைகிறது. ஆனால் அதே 2,000 அளவுக்கே இறங்க வேண்டும் என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரிந்து இல்லை. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

இப்போது ஒரு சோதனை. வீட்டிலேயே செய்யலாம். கட்டம் போட்ட தாள் ஒன்று, ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. தலை விழுந்தால் கோட்டை ஒரு கட்டம் மேலே கொண்டுபோங்கள், பூ விழுந்தால் ஒரு கட்டம் கீழே. இருநூறு முறை சுண்டுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து ஆறேழு முறை விழும் வரிசை ஒன்றாவது அநேகமாக வரும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஏற்றம், இறக்கம், இரட்டைச் சிகரம், தலையும் தோளும், எல்லாம் தெரியும். நாணயத்துக்கு முந்தைய சுண்டல் நினைவில் இல்லை. வடிவத்தைக் கண்டுபிடிப்பது நம் கண். மேகத்தில் யானை தெரிகிற அதே கண்.

இது வெறும் விளையாட்டில்லை. ஸ்டான்ஃபோர்டில் விவசாய விலைகளை ஆராய்ந்த ஹோல்புரூக் வொர்க்கிங், 1934-லேயே தற்செயல் எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் விலைவரிசை போன்ற ஒன்று கிடைக்கிறது என்று காட்டினார். 1953-ல் மாரிஸ் கெண்டல் என்ற புள்ளியியல் அறிஞர் லண்டன் பங்கு விலைகளோடு சிகாகோ கோதுமையின் வார விலைகளையும் அலசினார். அவர் எதிர்பார்த்த ஒழுங்கு கிடைக்கவில்லை. இந்த வார மாற்றத்தை வைத்து அடுத்த வார மாற்றத்தைச் சொல்ல ஏறக்குறைய வழியே இல்லை என்றுதான் முடிவு வந்தது. 1959-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ் தற்செயல் எண்களால் ஒரு செயற்கைச் சார்ட் வரைந்தார். அது நிஜச் சந்தைச் சார்ட் போலவே இருந்தது, தலையும் தோளும் உட்பட.

அப்போ சார்ட் முழுக்கப் பொய்யா? இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் இருப்பு வைத்திருக்கும் யாரிடமாவது பேசிப் பாருங்கள். "பத்தாயிரம் வந்தா குடுத்தர்லாம்" என்பார்கள். ஒன்பதாயிரத்து எழுநூற்று முப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முழு எண்ணில்தான் மனசு நிற்கும். வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய மஞ்சளை வருடக்கணக்கில் வைத்திருக்க முடியும் என்பதால், அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும் மூட்டைகள் குடோன்களில் நிஜமாகவே அடுக்கிக் கிடக்கின்றன. விலை அந்த எண்ணை நெருங்கியதும் வரத்து கூடுகிறது, ஏற்றம் தடுமாறுகிறது. சார்ட்டில் இதைத்தான் ரெசிஸ்டன்ஸ் என்கிறார்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் மூட்டையும் மனிதர்களும் இருக்கிறார்கள். அந்நியச் செலாவணிச் சந்தையில் கேரல் ஆஸ்லர் 2003-ல் வெளியிட்ட ஆய்வும் இப்படிப்பட்ட ஒன்றைத்தான் காட்டியது: லாபத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆர்டர்கள் முழு எண்களிலேயே குவிகின்றன. நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப் லாஸ் ஆர்டர்கள் அந்த எண்ணைச் சற்றுத் தாண்டிக் குவிகின்றன. அதனால் விலை முழு எண்ணில் திரும்புவதும், அதை உடைத்துவிட்டால் வேகமாக ஓடுவதும் இயல்பாகிவிடுகிறது.

நீண்ட காலச் சார்ட்டைப் பார்த்தால் இன்னொரு வடிவம் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விவசாயச் சரக்குகளின் பள்ளங்கள் அகலமாக, தட்டையாக இருக்கும். சிகரங்கள் ஊசி போல இருக்கும். ஏன்? விளைச்சல் அதிகமானால் மலிவாக வாங்கி வைத்துக்கொள்ள ஆட்கள் வருவார்கள். அந்த இருப்பு விலையைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் விளைச்சல் பொய்த்து, குடோனும் காலியாகிவிட்டால், அடுத்த வருடத்து மஞ்சளைக் கடன் வாங்கி இன்றைக்கு விற்க முடியாது. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. தாங்க எதுவும் இல்லாமல் விலை மட்டும் பறக்கும். ஆங்கஸ் டீட்டனும் கை லரோக்கும் 1992-ல் 13 பண்டங்களின் விலையை வைத்து இந்தச் சேமிப்புக் கணக்கைச் சோதித்தார்கள். மஞ்சளில் இதை நாம் கண்ணால் பார்த்தோம். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்து எல்லாரும் மஞ்சள் போட்டார்கள். 2012-ல் விலை 5,000-க்கும் கீழே கிடந்தது. அப்புறம் மறுபடி ஊசிச் சிகரம் வர வருடங்கள் ஆயின: 2023 ஏப்ரலில் 7,000 ரூபாயை ஒட்டி இருந்த ஃப்யூச்சர்ஸ் விலை ஆகஸ்டில் 15,000-ஐத் தாண்டியது. மழை தாமதம், நடவுப் பரப்பு குறைந்திருக்கும் என்ற கணிப்பு, ஏற்றுமதித் தேவை, எல்லாம் சேர்ந்துகொண்டன.

ஊசிச் சிகரம் இருக்கும் இடத்தில் சாதாரணக் கணக்கு தப்பாகிவிடும். பெனுவா மாண்டல்ப்ரோ 1963-ல் பருத்தி விலையை அலசியபோது, பெரும்பாலான மாற்றங்கள் சராசரியை ஒட்டியே இருக்கும் என்னும் மணி வடிவ வரைகோடு அனுமதிப்பதைவிடப் பெரிய தாவல்கள் மிக அதிகமாக வருவதைக் கண்டார். ஆயிரம் வருடத்துக்கு ஒருமுறை வர வேண்டிய தாவல் என்று கணக்கு சொல்வது, வியாபாரியின் வாழ்நாளிலேயே பல முறை வந்துவிடும். ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும், ஒரே இரவில் விலை அதைத் தாண்டிக் குதித்துவிட்டால் அது காப்பாற்றாது.

குறிப்பிட்ட வடிவங்களுக்கு ஆதரவாக ஆய்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆண்ட்ரூ லோவும் இரு சக ஆய்வாளர்களும் 1962 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்கு விலைகளில் தலையும் தோளும் போன்ற வடிவங்களைக் கணினியை வைத்துத் தேடினார்கள். சில வடிவங்களுக்குப் பிறகு விலை நடக்கும் விதம் கொஞ்சம் மாறுகிறது என்று 2000-ல் எழுதினார்கள். கொஞ்சம்தான். அதில் கமிஷன் போக லாபம் நிற்குமா என்பது வேறு கேள்வி. ஏறுகிற சரக்கு சில மாதங்கள் தொடர்ந்து ஏறும், இறங்குவது தொடர்ந்து இறங்கும் என்ற எளிய போக்குக்கு இதைவிட வலுவான சான்று இருக்கிறது: 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பண்டங்கள் உட்பட 58 வகை ஒப்பந்தங்களில் இந்தப் போக்கு ஏறக்குறைய ஒரு வருடம் நீடிப்பதையும், அதற்குப் பிறகு ஓரளவு திரும்பிவிடுவதையும் காட்டியது. என்னைக் கேட்டால், தோளை அளப்பதைவிட மாதக்கணக்கான போக்கைப் பார்ப்பது மேல்.

யாராவது "இந்த வடிவம் பத்தில் ஏழு முறை பலித்தது" என்றால், எத்தனை வடிவங்களைச் சோதித்துப் பார்த்த பிறகு இதைக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். உதவாத நூறு விதிகளை எடுத்துக்கொண்டு, தற்செயலாகப் பலிக்க நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு இருக்கும் அளவுகோலில் சோதித்தாலும், ஏறக்குறைய ஐந்து விதிகள் தற்செயலாகவே பலித்த மாதிரி தெரியும். மற்ற தொண்ணூற்றைந்தை யாரும் படம் போட்டு அனுப்ப மாட்டார்கள்.

சார்ட்டுக்குள் வராத சங்கதிகளும் உண்டு. 2021 டிசம்பரில், சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி, நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு ஆகிய ஏழின் முன்பேரத்தை நிறுத்தி வைத்தது. அந்த அறிவிப்பு எந்தத் தோளிலும் எழுதியிருக்கவில்லை.

இனி அண்ணன் அனுப்பிய படம். அதில் கழுத்துக்கோடு உடைந்த நாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிசம்பர் 20-க்கு அடுத்த வர்த்தக நாள். அங்கேதான் பிடி கிடைத்தது.

ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தத்துக்கு ஆயுள் உண்டு. மஞ்சளில் டிசம்பர் ஒப்பந்தம் 20-ஆம் தேதி முடிந்துவிடும். அடுத்தது ஏப்ரல் ஒப்பந்தம். வருடக்கணக்கான சார்ட் வேண்டும் என்றால், செயலி ஒவ்வொரு ஒப்பந்தத்தின் விலையையும் அடுத்ததோடு ஒட்டி ஒரே கோடாகக் காட்டும். டிசம்பர் விலை பழைய சரக்கின் விலை. ஜூன், ஜூலையில் நட்ட மஞ்சள் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது, குடோன் இருப்பும் குறைந்திருக்கிறது. ஏப்ரல் விலை புதுச் சரக்கின் விலை. ஜனவரியில் தொடங்கும் அறுவடை அதற்குள் முடிந்து, வரத்து குவிந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது. அதனால் ஏப்ரல் விலை கீழே இருந்தது. இரண்டையும் ஒட்டியதும் கோடு ஒரே நாளில் படி இறங்கியது. அன்றைக்கு யாரும் பயந்து விற்கவில்லை. விலையே இறங்கவில்லை. இறங்கியது ஒட்டுப்போட்ட இடம்.

ஏப்ரல் ஒப்பந்தத்தை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தேன். தலையும் இல்லை, தோளும் இல்லை. ஒரு மாதமாக ஒரே மட்டத்தில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. கைமாறும் அளவான வால்யூமிலும் மாற்றம் இல்லை. புதிதாக ஆட்கள் உள்ளே வந்திருந்தால் ஓப்பன் இன்ட்ரஸ்ட், அதாவது இன்னும் முடிக்காமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, கூடியிருக்கும், அதுவும் கூடவில்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து அண்ணனுக்கு அனுப்பி, ஒட்டின இடத்தை வட்டம் போட்டுக் காட்டினேன்.

"அப்ப வெச்சிருக்கலாங்கற?" என்றார்.

அதைச் சார்ட் சொல்லாது என்றேன். ஆனால் ஏப்ரல் விலை டிசம்பரைவிடக் கீழே இருக்கிறது என்பதே ஒரு தகவல், வடிவம் எதுவும் தேவையில்லாத தகவல். புதுச் சரக்கு வந்ததும் விலை குறையும் என்று பணம் போட்டவர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் நினைப்பு தப்பாகலாம். ஆனால் வைத்திருந்தால் குடோன் வாடகையும், மஞ்சளை அடகு வைத்து வாங்கிய கடனுக்கு வட்டியும் மாதாமாதம் ஓடும். நிஜாமாபாத்திலும் மகாராஷ்டிரத்து சாங்லியிலும் இந்த வருடம் எவ்வளவு நட்டார்கள், கிழங்கு எப்படிப் பிடித்திருக்கிறது என்று கமிஷன் மண்டிக்காரரிடம் கேட்கச் சொன்னேன். அவர்களுக்குத் தினமும் அங்கிருந்து போன் வரும்.

மூன்று நாள் கழித்துப் பேசினார். அங்கே பயிர் நன்றாக இருக்கிறதாம். அந்த வாரமே இருபத்தைந்து மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிவிட்டார். நல்ல விரலி மஞ்சளாகப் பார்த்து வைத்த மீதி பதினைந்து மூட்டை இன்னும் குடோனில் இருக்கிறது.