பீரங்கிச் சத்தத்தில் வானம்பாடியின் காது என்ன ஆகும்?

1916 ஜூலை 1, காலை 7.30 மணி. முதல் உலகப் போர். பிரான்சின் சோம் பகுதியில் ஜெர்மன் படையைத் தாக்க, பிரிட்டிஷ் படை பதுங்குகுழிகளை விட்டு மேலேறியது. அந்த ஒரே நாளில் அதன் தரப்பில் மட்டும் 19,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஒரு வாரமும் பீரங்கிகள் ஓயவில்லை; சுமார் 15 லட்சம் குண்டுகள். இதே போர்முனையிலிருந்து சிப்பாய்கள் எழுதிய கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் வானம்பாடி திரும்பத் திரும்ப வருகிறது. குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் பாடிய அதன் துணிச்சலை வியந்தவர்கள் பலர். துணிச்சல் இருக்கட்டும், அவ்வளவு சத்தத்தில் அதற்குக் காது போயிருக்காதா?

போயிருக்கலாம். ஆனால் திரும்பவும் வந்திருக்கும்.

ஒலியை நரம்புச் சைகையாக மாற்றுவது உள்காதிலுள்ள மயிர்ச்செல்கள். நமக்கு ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. பக்கத்தில் குண்டு வெடித்தால் அவை ஒடிந்து சாகும், செத்தது செத்ததுதான். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களில் எத்தனையோ பேருக்கு ஆயுள் முழுக்கக் காது மந்தமாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பறவைக்கு அப்படியில்லை. மயிர்ச்செல் அழிந்ததும் அதைச் சுற்றியுள்ள தாங்கு செல்கள் விழித்துக்கொள்கின்றன. சில பிரிந்து பெருகும், சில பிரியாமல் நேராகவே மயிர்ச்செல்லாக உருமாறும். சில வாரங்களில் கேட்கும் திறன் பெரும்பாலும் மீண்டுவிடும். 1980-களின் இறுதியில் கோழி, காடை ஆகியவற்றில் இதைக் கண்டுபிடித்தபோது ஆய்வாளர்களே அசந்துபோனார்கள். நம் தாங்கு செல்கள் ஏன் இப்படி விழிப்பதில்லை என்ற தேடல் இன்றும் நடக்கிறது.

சரி, காது பிழைத்தது. அந்த நாசத்துக்கு நடுவில் இதற்கு என்ன வேலை? வானம்பாடி மரத்தை அண்டாது; திறந்த வெளியில், தரையில், புல்லுக்கு இடையில் கூடு கட்டும். குண்டுகள் காடுகளைப் பொசுக்கின. சோம் பகுதியின் டெல்வில் காட்டில் பழைய மரங்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. காட்டுப் பறவைக்கு அது அழிவு. வானம்பாடிக்கோ, உழவு நின்று களை மண்டிய வெட்டவெளி பழகிய இடம்தான். மரம் இல்லாததால் ஆண் பறவை பாட ஏறுவது வானத்துக்கு. 50 முதல் 100 மீட்டர் உயரத்தில் சிறகடித்தபடியே நிமிடக்கணக்கில் பாடி, கீழே உள்ள நிலம் தன்னுடையது என்று அறிவிக்கும். மூச்சு முட்டாதா என்றால், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது பறவையின் குரலுறுப்பு. இரு பக்கத்தையும் தனித்தனியே இயக்கலாம். பாடும் பறவைகள் சுரங்களுக்கு நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் குட்டி மூச்சு இழுத்துக்கொள்ளும்.

சிப்பாய்கள் அதைக் கேட்டதில் நேரத்துக்கும் பங்குண்டு. விடியலில்தான் எதிரி தாக்குவான் என்று, பொழுது புலரும் முன்பே எல்லோரும் ஆயுதத்தோடு நிற்க வேண்டும். வானம்பாடி பாடத் தொடங்குவதும் அந்த இருட்டில்தான். பதுங்குகுழிக்குள் நிற்பவனுக்கு மண்சுவரும் தலைக்கு மேல் ஒரு கீற்று வானமும் தவிர வேறென்ன தெரியும்? பாட்டு வந்ததும் அந்தக் கீற்றிலிருந்துதான்.

இன்று அங்கே போனால் காதைத் தீட்டிக்கொண்டு போங்கள். அதே போரில் நாசமான பிரான்சின் வெர்டன் போர்க்களத்தில் பிறகு காடு வளர்த்துவிட்டார்கள்; அங்கே மரத்துப் பறவைகளின் ராஜ்யம். பெல்ஜியத்தின் டைன் காட் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 12,000 கல்லறைகள், ஒட்ட வெட்டிய புல். கூடு கட்ட அந்தப் புல் போதாது. வானம்பாடியைத் தேட வேண்டியது மதிலுக்கு வெளியே, வயல்களின் மேல். அங்கும் இப்போது தட்டுப்பாடுதான். இலையுதிர் காலத்திலேயே விதைக்கும் கோதுமை, வசந்தம் முடிவதற்குள் அடர்ந்து உயர்ந்துவிடுகிறது. இரண்டாம் முறை கூடு கட்ட இடமில்லை. பீரங்கிக்கு ஈடுகொடுத்த பறவை மேற்கு ஐரோப்பாவில் வேகமாகக் குறைந்தது 1970-களுக்குப் பிறகு, இந்த அமைதியான வயல்களில்.