கண் ஆல்பினிசத்துக்கு யூடிஐடி அட்டை: பெங்களூரில் எங்கே இழுத்தடிப்பார்கள்

கண் ஆல்பினிசம் (கண்ணில் நிறமி குறைந்த பிறவிக் குறை) உள்ள பிள்ளையின் தோலும் முடியும் எல்லோரையும் போலத்தான் இருக்கும். குறை கண்ணுக்குள். விழித்திரையின் மையக்குழி சரியாக வளர்ந்திருக்காது, கண் ஓயாமல் ஆடும், வெளிச்சம் கூசும். கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்டுப் போனால், கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது தெரியாது. "பையன் நல்லாத்தானே இருக்கான்" என்று திருப்பி அனுப்புவார். அங்கே வாதாடிப் பயனில்லை, காகிதம்தான் பேசும். நோயின் பெயர், கண் ஆட்டம், ஓசிடி ஸ்கேனில் (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் படம்) தெரியும் மையக்குழிக் குறை, மூன்றும் மருத்துவர் கையெழுத்தோடு இருக்கட்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும். கண்ணாடியோடு இரண்டு கண்ணும் தனித்தனியே கண் சோதனைப் பலகையின் 6/18 வரியைப் படித்தால் 0. இரண்டும் அதைவிடப் பெரிய எழுத்துள்ள 6/24 வரியில் நின்றுவிட்டால் 40. நடுவில் ஒரே ஒரு வரிதான், அதனால் அளக்கும் முறையில் கவனமாக இருங்கள்.

ஒரு கண்ணை மூடினால் பலருக்கு ஆட்டம் கூடும், எழுத்து இன்னும் மங்கும். கண்ணாடிக் கடைச் சீட்டிலோ இரு கண்ணும் திறந்து படித்த அளவு இருக்கும். சான்று தரும் மருத்துவக் குழு ஒவ்வொரு கண்ணின் அளவையும் வைத்துத்தான் சதவீதம் போடுகிறது. கடைச் சீட்டும் குழுவின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் பிள்ளை நடிக்கிறான் என்பார்கள். ஆகவே வலது, இடது, இரண்டும் சேர்த்து என மூன்று அளவையும், வித்தியாசத்துக்கான காரணத்தையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். மின்டோ போன்ற அரசு கண் மருத்துவமனையில் வாங்கினால் நல்லது. கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்ப்பது அவன் கண் ஆட்டம் குறையும் நிலை, நிமிர்த்த விடாதீர்கள். போனை மூக்கருகே வைத்துப் படிக்கிறானே என்று யாராவது சொன்னால், சதவீதம் தூரப் பார்வைக்குத்தான் என்று பதில் சொல்லுங்கள்.

விண்ணப்பம் யூடிஐடிக்கான மத்திய அரசின் சுவாவ்லம்பன் இணையதளத்தில். சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் நம் தமிழர் பலரின் ஆதாரில் இன்னும் திருவண்ணாமலை, தர்மபுரி முகவரிதான். அப்படியே போட்டால் மனு சொந்த ஊர் மாவட்டத்துக்குப் போய்விடக்கூடும். முதலில் முகவரியை மாற்றுங்கள். பெயரும் அப்படித்தான்: ஆதாரில் இனிஷியல், பள்ளிச் சான்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் அதற்கே ஒரு நடை அலைய வேண்டும். புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வாய்வார்த்தையாக "கிடைக்காது" என்றால் எழுந்து வராதீர்கள். மறுப்புக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது கையில் இருந்தால்தான் அதே 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய முடியும். இது பிறவிக் குறை, வளர்ந்தாலும் மறையாது. பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தற்காலிகச் சான்று எழுதினால் நிரந்தரமாகத் தரக் கேளுங்கள். இல்லாவிட்டால் மறுபடி இதே வரிசையில் நிற்க வேண்டும்.

அட்டை வந்ததும் நகலைப் பள்ளியில் கொடுங்கள். எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் உண்டு, ஆனால் பள்ளி முன்கூட்டியே தேர்வு வாரியத்துக்கு எழுதியாக வேண்டும்.